இருபத்தெட்டாம் அத்தியாயம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது. நீ இரவில் தனியாகக் காரோட்டாதே. மூன்று ஞாயிறாக உன் குரலைக் கேட்கவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

பரண் பெட்டியை இறக்கியபோது உன் கதைப்புத்தகங்கள் அகப்பட்டன. எல்லா அட்டையிலும் தொப்பிக்காரப் பெண் ஒருத்தி, பின்னால் ஒரு கப்பல், பறக்கிற பாவாடை. பாடத்தை விட்டுவிட்டு இதைப் படிக்கிறாளே என்று எத்தனை நாள் விளக்கை அணைத்திருப்பேன்! இப்போது அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே நான்கை முடித்துவிட்டேன். அப்பா சிரிக்கிறார்.

மூன்று கதை வர்ஜீனியாவில் நடக்கிறது. நீ போட்டோ அனுப்பினாயே, அதே ஜேம்ஸ்டவுன் ஆற்றங்கரை. 1621-இல் 50-க்கும் மேற்பட்ட பெண்களை இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றினார்களாம், அங்கே குடியேறிய ஆண்களுக்கு மனைவியாக. நம் சபையில் கேட்பதுபோல நற்சாட்சிக் கடிதம் வேறு வேண்டும். கட்டிக்கொள்கிறவன், பெண்களை அனுப்பிய கம்பெனிக்கு 150 ராத்தல் நல்ல புகையிலை கொடுக்க வேண்டும். கொடுப்பது மாப்பிள்ளை! உன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். பதிலே இல்லை.

ஆனால் நான்கிலும் ஒரே கணக்கு. கதாநாயகன் நல்லவன், உழைப்பாளி. ஒரே குறை, விசுவாசி இல்லை. அவள் அழுது ஜெபிப்பாள். கதை முடியப் போகிற நேரத்தில் புயலோ காய்ச்சலோ வந்து அவனை முழங்காலில் நிறுத்தும். அதன் பிறகுதான் முத்தம். நீலப் புத்தகத்தில் இது 28-ஆம் அத்தியாயம். அங்கே ஒரு நாகர்கோவில் பஸ் டிக்கெட் இருந்தது. ஓரத்தில் உன் பென்சில் எழுத்தில் ‘பொய்’ என்று ஒரே சொல். அப்போது உனக்குப் பதினேழு வயது இருக்குமா? என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அடித்திருப்பேன், அதுவும் தெரியும்.

உண்மையில் நடந்ததையும் தேடிப் படித்தேன். ஜான் ரால்ஃப் என்ற புகையிலைக்காரர், பொகாஹான்டஸ் என்ற அந்நாட்டுப் பூர்வகுடிப் பெண்ணைக் கட்ட ஆசைப்பட்டு ஆளுநர் டேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவிசுவாசியைக் கட்டலாமா என்று மனிதர் வரிக்கு வரி தவிக்கிறார். அவள் ஞானஸ்நானம் பெற்று ரெபேக்காள் ஆனாள். 1614 ஏப்ரலில் கல்யாணம். ஆனால் 1613-இல் அவளைப் பிடித்துவந்து வைத்திருந்தவர்களே அந்த ஆங்கிலேயர்கள்தான். கைதியிடம் கேட்டு வாங்கிய சம்மதம் என்ன சம்மதமோ. அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அவள் எழுதியது ஒரு வரிகூட இல்லை.

அவிசுவாசியைக் கட்டுவது அந்நிய நுகம் என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இரவில் தனியாகக் காரோட்டாதே என்பதைவிட அதிகமாகச் சொல்லியிருப்பேன். நாசரேத் அக்கா விஷயத்தில் மாப்பிள்ளைக்குச் சனிக்கிழமை ஞானஸ்நானம், திங்கட்கிழமை கல்யாணம் என்று பிடிவாதம் பிடித்தது அவளுடைய அம்மா இல்லை, நான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை கோயில் பக்கமே வரவில்லை. அந்தப் பழியையும் அவள் தலையில்தான் போட்டேன்.

மகளே, உன் குரலைக் கேட்கவில்லை என்று மேலே எழுதினேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று நான் அழைத்தபோது ஓர் ஆண் குரல் ‘ஹலோ’ என்றது. வைத்துவிட்டேன். அடுத்த மூன்று ஞாயிறும் நீ அழைத்தாய். போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து என் கண்ணாடிக்கூட்டில் முட்டி நின்றது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நெட் சரியில்லை என்று அப்பாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நானே அழைக்கிறேன். அங்கே சனி இரவாக இருக்கும். இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. யார் எடுத்தாலும் வைக்கமாட்டேன்.

அவருக்குத் தமிழ் தெரியுமா?

அம்மா