தட்டில் இல்லாததைக் கேள்

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லாரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சேகர் மறுபடியும் அந்த விஷயத்தைக் கேட்டான். அவனுக்கு நீயே பதில் சொல்லிக்கொள், நான் நடுவில் வரமாட்டேன்.

மாசக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. திடீரென்று, நீ ஒரு பெரியவரை எடுத்த பேட்டியின் ஒலிப்பதிவை அனுப்பி, "கேட்டுட்டுச் சொல்றா" என்று ஒரே ஒரு வரி! திட்டித் தீர்க்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் விகன் கேசினோவைப் பற்றி அந்தப் பெரியவர் பேசப் பேச, கோபம் போய்விட்டது. பேர்தான் கேசினோ, சூதாட்டமில்லை; வடக்கு இங்கிலாந்தில் 'நார்தர்ன் சோல்' என்று பழைய அமெரிக்க சோல் பாட்டுகளைப் போட்டு விடிய விடிய நடனமாடிய அரங்கு. இரவு 2 மணிக்குக் கதவு திறக்கும், காலை 8 வரை ஆட்டம், மது கிடையாது, வழுக்கி ஆட மரத்தரையில் பவுடர், உடம்புச் சூட்டில் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர். என்ன அழகாகச் சொல்கிறார் மனுஷன்! நீதான் அவரைச் சொல்ல விடவில்லை.

ஃபிராங்க் வில்சன் பாடிய அந்த அபூர்வ இசைத்தட்டு என்ன விலைக்குப் போனது என்று எத்தனை தடவைடா கேட்பாய்? 2009-ல் 25,742 பவுண்டுக்கு விற்றது ஊருக்கே தெரியும். தட்டுகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. எந்தத் தொழிற்சாலையில் அச்சானது என்பதைக்கூட நடு லேபிளை ஒட்டிப் பொறித்த எழுத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மேடையில் ஆள் நின்று பாடியதைக் கேட்ட காதுகளைத்தான் இழந்துகொண்டிருக்கிறோம். 1973-ல் 18 வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவரிடம் போய்த் தட்டின் விலையையா கேட்பது?

நான் சொல்ல வந்தது இதுதான். தட்டில் கேட்ட பாட்டும் மேடையில் கேட்ட பாட்டும் ஒன்றல்ல. டெட்ராய்டிலோ சிகாகோவிலோ ஸ்டூடியோவில் வயலின் கூட்டம், ஊதுகருவிகள், பின்பாட்டுப் பெண்கள் எல்லாரையும் வைத்துப் பதிந்த பாட்டு அது. அதையே இங்கிலாந்தில் பாட வந்தவருக்குப் பின்னால் பல சமயம் உள்ளூர் வாத்தியக்காரர்கள்தான்: டிரம்ஸ், பேஸ், கிடார், ஒரு ஆர்கன், கொடுத்துவைத்திருந்தால் ஒன்றிரண்டு சாக்ஸபோன். வயலின் வரும் இடத்தை ஆர்கன்தான் நிரப்பியாக வேண்டும். பாடகருக்கு வயது கூடியிருந்தால் சுருதியை இறக்கியிருப்பார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. வடக்கு இங்கிலாந்துக் கூட்டம் உயிராக நினைத்த பாட்டு, அமெரிக்காவில் பத்து வருஷத்துக்கு முன்பே விலைபோகாமல் ஒதுங்கிய பாட்டாக இருக்கும். பாடியவருக்கே வரிகள் மறந்திருக்கும். கீழே நிற்கிற பையன்களுக்கோ எந்த இடத்தில் கை தட்ட வேண்டும் என்பதுவரை அத்துப்படி. அந்த நேரத்தில் பாடகர் முகம் எப்படி இருந்தது, கூட்டம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேடைப் பக்கம் வந்ததா, இல்லை ஆடிக்கொண்டே இருந்ததா? இதை எந்தத் தட்டும் சொல்லாது. நேரில் பார்த்த அந்தப் பெரியவர்தான் சொல்லணும்.

அதனால் அடுத்த முறை இப்படிச் செய். பேசி முடிக்கும் வரை பாட்டைப் போட்டுக் காட்டாதே. தட்டு ஒருமுறை ஓடிவிட்டால் அதன் வேகமும் வயலினும் ஞாபகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மேடையில் கேட்டதையும் தட்டு மாதிரியே விவரிக்க ஆரம்பித்துவிடுவார். முதலில் கண்ணால் பார்த்ததைக் கேள். டிரம்ஸ் எந்தப் பக்கம் இருந்தது? எத்தனை பேர் வாசித்தார்கள்? அதுவரை ஓடிக்கொண்டிருந்த தட்டை நிறுத்தினார்களா? பாடகர் என்ன உடை? அப்புறம் பழைய உறுப்பினர் அட்டை, டிக்கெட், பையில் தைத்த பேட்ஜ் ஏதாவது இருந்தால் கையில் கொடுத்துப் பேசச் சொல். பாட்டு கடைசியில்தான். போட்டுவிட்டு, "அன்னைக்கு இதுல எது இல்லை?" என்று ஒரே கேள்வி. பிறகு வாயை மூடிக்கொண்டு இரு. அதுதான் உனக்குக் கஷ்டம், தெரியும்.

பின்னாளில் நடக்கும் விழாக்களில் வாத்தியக்காரர்களே இல்லாமல், பதிவு செய்த இசையை ஓடவிட்டு அதன்மேல் பாடுவதும் உண்டு. அன்று கேட்டதும் இருபது வருஷம் கழித்துக் கேட்டதும் ஒரே ஞாபகமாக ஒட்டிக்கொள்ளும். டிரம்ஸ் கேள்வி அதைப் பிரித்துவிடும்.

ஆண்டுகளில் ரொம்ப ஜாக்கிரதை. யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை, மனசு தானாக இடம் மாற்றி அடுக்கிவிடுகிறது. இதே பாட்டுகளுக்கு ஆடிய கிளப்புகளில் மான்செஸ்டர் ட்விஸ்டட் வீல் 1971-ல் மூடியாயிற்று. டன்ஸ்டால் ஊரின் டார்ச் கிளப்பில் விடிய விடிய ஆட்டம் 1972-ல் தொடங்கி 1973-ல் முடிந்தது. கேசினோவில் முதல் இரவு 1973 செப்டம்பர் 23. கடைசி 1981 டிசம்பர் 6. ஆக அமெரிக்கப் பாடகர் மேஜர் லான்ஸை 1975-ல் டார்ச்சில் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் இடமோ வருஷமோ இடறுகிறது. லான்ஸ் டார்ச்சில் பாடியது 1972 டிசம்பரில் பதிவாகி எல்பி இசைத்தட்டாகவே வந்திருக்கிறது. கூட்டத்தின் சத்தத்தோடு கேள், உடம்பு சிலிர்க்கும். இன்னொரு அமெரிக்கப் பாடகர் ஜாக்கி வில்சனை மேடையில் பார்த்தவர் 1975 செப்டம்பருக்கு முன்னால்தான் பார்த்திருக்க முடியும். அந்த மாசம் 29-ம் தேதி நியூஜெர்சியில் பாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தவர், பிறகு பாடவே இல்லை.

உன் பெரியவரும் ஒரு இடத்தில் இடறுகிறார். பாடகர் ஜிம்மி ராட்கிளிஃபைக் கேசினோவில் நேரில் கேட்டதாகச் சொல்கிறாரே, நீயும் "ஆகா" போட்டாயே! ராட்கிளிஃப் இறந்தது 1973 ஜூலையில். கேசினோ இரவுகள் தொடங்கவே இரண்டு மாசம் இருந்தது. ஆனால் பொழுது விடிந்து 8 மணி ஆவதற்குள் வாராவாரம் போட்ட மூன்று கடைசிப் பாட்டுகளில் ஒன்று ராட்கிளிஃபுடையது, மற்ற இரண்டும் டோபி லெஜண்டும் டீன் பாரிஷும் பாடியவை. வருஷக்கணக்கில் விடியற்காலையில் ஒரே குரலைக் கேட்டு, அது மேடையிலிருந்து வந்ததாகவே பெரியவர் மனசில் பதிந்திருக்கிறது. தயவுசெய்து அதை வெட்டாதே, திருத்தவும் செய்யாதே. அவர் பேச்சு அப்படியே இருக்கட்டும், குறிப்பில் தேதியை மட்டும் எழுது. அவர் முகத்துக்கு நேரே சொல்லிக் காயப்படுத்தாதே மூர்த்தி. அவருடைய இளமையில் நாம் கை வைக்கக் கூடாது.

பதிவு பற்றியும் கொஞ்சம். போனை மேசைமேல் வைத்திருக்கிறாய், டீக்கோப்பை வைக்கும் ஒவ்வொரு தடவையும் இடி இடிக்கிறது. மடித்த துண்டின் மேல், அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் வை. ஏரோபிளேன் மோடில் போடு. ஆட்டம் நடக்கும் அரங்கில் பேட்டி எடுக்கலாம் என்று கனவிலும் நினைக்காதே. பாட்டுச் சத்தத்தில் பாதிச் சொல் போய்விடும், இருக்கிற மீதியையும் கத்திக் கத்திச் சொல்வார். ஞாயிறு மத்தியானம், அவர் வீட்டில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. தொடங்கும்போதே தேதியையும் ஊரையும் நீயே வாய்விட்டுச் சொல்லிவிடு.

அவர் மனைவியும் ஆடப் போனவர் என்று பின்னால் ஒரு குரல் சொல்கிறதே, கவனித்தாயா? அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசு. இருவரும் சேர்ந்து பேசினால் ஒருவர் ஞாபகம் மற்றவருடையதை விழுங்கிவிடும். அடுத்த பதிவை வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாகுமென்ட்டாக அனுப்பு.

அன்புடன்,
ராஜு