அடுத்த ஆண்டும் அந்தச் சுவர் வேண்டும்

சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் கோயில் மண்டப நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். பள்ளி விடுமுறையில் எங்கள் ஓவியக் கண்காட்சிக்கு மூன்று நாள் மண்டபத்தை வாடகை இல்லாமல் கொடுத்தீர்கள். மின்விசிறி ஓடியதற்குக்கூட காசு கேட்கவில்லை. கடைசி நாள் வந்தவர்களுக்கு மீகூனும் தேநீரும் உங்கள் செலவு. 14 பேர் வரைந்த 41 படங்களைத் துணி காயப்போடும் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தோம். நீங்கள் இடம் கொடுக்காவிட்டால் அவை இன்னும் அலமாரிக்கு மேலேதான் கிடந்திருக்கும்.

ஆனால் போன வாரம் புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த உங்கள் அறிவிப்பைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அடுத்த ஆண்டு கண்காட்சிக்குப் பதிலாக வர்ணம் தீட்டும் போட்டியாம். அச்சடித்த தாளை நீங்களே தருவீர்கள், தலைப்பு ‘நம் பண்பாடு’, முதல் பரிசு 300 வெள்ளியும் ஒரு ஹேம்பரும். “இப்படிச் செய்தால்தான் ஒழுங்காக இருக்கும்” என்று கடைசி வரி.

சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு காலை நேரம் போட்டி வையுங்கள், நானே உட்கார்ந்து பென்சில் சீவித் தருகிறேன். கண்காட்சியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அந்தப் பச்சை முகம். ஐந்தாம் படிவம் படிக்கும் பெண் தன் முகத்தைத் தானே வரைந்திருந்தாள். ஒரு பாதி பச்சை, மறு பாதி ஊதா, நெற்றியில் பொட்டு மட்டும் நிஜமான சிவப்பு. “முகத்துக்கு யாராவது பச்சை அடிப்பார்களா?” என்று உங்களில் ஒருவர் கேட்டார். மூன்றாம் நாள் காலை நாங்கள் வந்து பார்த்தபோது அந்தப் படம் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. யார் திருப்பியது என்று விசாரிக்க நான் எழுதவில்லை. மண்டப வாசலில் நின்று அண்ணாந்து பாருங்கள், அவ்வளவுதான். கோபுரத்தில் மீனாட்சி என்ன நிறம்? பக்கத்தில் கண்ணன் என்ன நிறம்? ஐந்து வயதிலிருந்து அந்தக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படி வரைவாள்?

ஒழுங்கு என்றால் என்னவென்று நம் பெற்றோருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்தில் வரிசையாக நின்ற லயத்து வீடுகள் எல்லாம் ஒரே சுண்ணாம்பு வெள்ளை, அடியில் ஒரு முழம் கறுப்புத் தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேரோடு ஒரு நம்பர். எங்கள் அப்பா எங்கிருந்தோ மிச்சமான நீலச் சாயம் கொண்டுவந்து கதவுக்கு அடித்தார். தோட்டத்துக் கணக்கரான கிராணி வந்து சத்தம் போட்டதும் மறுபடி வெள்ளை அடிக்க வேண்டியதாயிற்று. கதவுக்கு உட்பக்கம் மட்டும் நீலமாகவே இருந்தது. தோட்டத்தை விட்டு வரும் வரை அதை யாரும் மாற்றவில்லை.

கித்தா (ரப்பர்) மரங்களும் அப்படித்தான் நின்றன. ஆர்ஆர்ஐஎம் 600 என்ற ரகம் என்றால் எல்லாம் ஒரே தாய்மரத்திலிருந்து ஒட்டுக்கட்டி வளர்த்தவை. ஒரே இடைவெளி, ஒரே வரிசை. ஆனாலும் வெட்டின பட்டையைப் பார்த்தே “இது இன்னார் கை” என்று அம்மா சொல்வார். ஒருவர் சீவல் நூல் மாதிரி மெல்லிசாக வரும். இன்னொருவர் அவசரக்காரர், கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் முண்டு முண்டாகக் காயம் ஆறியிருக்கும். கிராணியின் கணக்கில் எல்லாம் வெறும் பால்தான்.

அந்தக் கையை நம் மண்டபத்திலேயே பார்த்தேன். 30 வருடம் பால் வெட்டிய ஒரு அத்தை, மெழுகால் கோடு போட்டுச் சாயம் ஏற்றும் பாத்தேக் துணி வைத்திருந்தார், நினைவிருக்கும். உருக்கின மெழுகைச் சாந்திங் என்ற சின்ன மூக்குக் கரண்டியில் மொண்டு துணிமேல் கோடு இழுக்க வேண்டும். கை ஒரு நொடி நின்றால் மெழுகு பொட்டாக ஊறிவிடும், வேகமாக ஓடினால் கோடு அறுந்து சாயம் அடுத்த கட்டத்துக்குள் புகுந்துவிடும். அத்தையின் கோடு சாய்வாக, இடமிருந்து வலமாக இறங்குகிறது. பால் கோடு இறங்கும் அதே சாய்வு. ஓரிடத்தில் மெழுகு விரிந்து, நீலம் நரம்பு நரம்பாக உள்ளே ஓடியிருந்தது. “அது தப்பு தம்பி, ஆனா அழகா இருந்துச்சு, விட்டுட்டேன்” என்றார். அச்சடித்த தாளில் அந்தத் தப்புக்கு மார்க் குறைப்பார்கள். பினாங்கில் ஓவியர் சுவா தியன் தெங் 1950களில் இந்த மெழுகு வேலையைச் சட்டம் போட்டு மாட்டும் ஓவியமாக்கிக் காட்டினார். அதற்கு முன் பாத்தேக் என்றால் கைலித் துணிதானே?

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் அண்ணன் வரைந்ததையும் சொல்ல வேண்டும். மழை ஒழுகும் கண்ணாடிக்குள்ளிருந்து தெரியும் சாலை. 11 படங்கள், எல்லாமே அதே சாலை. அவரை ‘நம் பண்பாடு’ என்ற தலைப்பில் வரையச் சொன்னால் குத்துவிளக்கு வரைவார். நன்றாகவே வரைவார். அதைப் பார்க்க நான் வரமாட்டேன்.

ஊருக்கு நாலு பேர் வர வேண்டும், அதற்குப் பரிசு வேண்டும் என்கிறீர்கள். ஈப்போ பழைய நகரத்தில் ஓவியர் எர்னெஸ்ட் சக்கரெவிச் 2014இல் சுவரில் வரைந்த காப்பிக் கிளாஸ் தாத்தா முன்னால் இன்றைக்கும் ஆட்கள் நின்று படம் பிடிக்கிறார்கள். யாரும் அதற்கு மார்க் போட்டுப் பார்ப்பதில்லை.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். அதே மூன்று நாள், மேடைக்கு எதிர்ச்சுவர், தலைப்பு இல்லை, நடுவர் இல்லை. மின்சாரக் கட்டணத்தை இந்த முறை நாங்கள் கட்டுகிறோம், கூட்டிப் பெருக்குவதும் எங்கள் பொறுப்பு. கடவுளரை இழிவு செய்யும் படம், யாரையாவது பேர் சொல்லித் திட்டும் படம் வந்தால் நாங்களே மாட்டமாட்டோம். மற்றது எது உறுத்தினாலும் வரைந்தவரைக் கூப்பிட்டு நேரில் கேளுங்கள்.

பச்சை முகம் வரைந்த அந்தப் பெண் அடுத்த ஆண்டும் படம் கொண்டுவரலாமா என்று கேட்டாள். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசி முடிவு சொல்லுங்கள். கயிறும் கிளிப்பும் மண்டபத்து ஸ்டோர் அறையில்தான் இருக்கின்றன, யாரும் எடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்,
கயிறு கட்டியவர்களில் ஒருவன்