எல்லா 'மா'வும் நம் மா அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 'மா' என்ற ஓரெழுத்துச் சொல்லைப் பற்றி வந்த கட்டுரையை மில்லில் உட்கார்ந்துதான் படித்தேன். திருச்சியில் 30 ஆண்டுகளாக மாவு மில் நடத்துகிறவன் நான். எங்கள் பெயர்ப் பலகையில் 'வு' மட்டும் வெயிலில் உரிந்துபோய், நான்கு வருடமாக அது 'மா மில்' என்றே நிற்கிறது. ஆகவே இந்தச் சொல்லைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

கட்டுரையாளர் சொல்வது இது: வங்காளியும் சீனரும் தாயை 'மா' என்கிறார்கள், நம் 'அம்மா'விலும் மா இருக்கிறது, ஆகவே உலக மொழிகள் எல்லாம் தமிழிடம் கடன் வாங்கியவை. படிக்கிறபோது நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் அவர் தமக்கு வேண்டிய மாக்களைச் சல்லடையில் நிறுத்திக்கொண்டு மற்றதையெல்லாம் கீழே விட்டுவிட்டார். கீழே விழுந்ததில் சிலவற்றைப் பொறுக்கித் தருகிறேன். இத்தாலிய மொழியில் மா என்றால் 'ஆனால்'. ஹங்கேரியில் 'இன்று'. எஸ்தோனியாவில் 'நான்'. பிரெஞ்சில் 'என்னுடைய', அதுவும் பெண்பால் பெயர்களுக்கு முன்னால் மட்டும். அரபியில் இடத்துக்கு ஏற்ப 'என்ன' என்றும் வரும், 'இல்லை' என்றும் வரும். தாய்லாந்துக்காரர் குரலை ஏற்றி இறக்குவதைப் பொறுத்து அது 'வா', 'குதிரை', 'நாய்' என்று மாறும். வடமொழியில் 'வேண்டாம்' என்று தடுக்கிற சொல். வால்மீகி வேடனைப் பார்த்துச் சொன்ன சுலோகமே அந்த மாவில்தான் தொடங்குகிறது. இவற்றில் எது நாம் கொடுத்த கடன்?

அவர் பெரிதாகக் காட்டும் சீன மாவையே எடுத்துக்கொள்வோம். குரலை மட்டமாக நீட்டிச் சொன்னால் அம்மா. தாழ்த்தி எழுப்பினால் குதிரை. சட்டென்று இறக்கினால் திட்டுவது. சுரமில்லாமல் வாக்கியத்தின் வாலில் ஒட்டினால், நம் 'வந்தானா'வில் இருக்கும் ஆ போல, வெறும் கேள்வி. எழுதும் முறை இன்னும் வேடிக்கை. குதிரைக்கு ஓர் எழுத்து இருக்கிறது. அதன் பக்கத்தில் பெண்ணைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்தால் அம்மா. வாயைக் குறிக்கும் சிறு சதுரத்தைச் சேர்த்தால் கேள்வி. அதே சதுரம் இரண்டைக் குதிரையின் தலைமேல் வைத்தால் திட்டு. குதிரை அங்கே நிற்பது 'மா' என்ற ஒலியைக் காட்டத்தான். மற்றபடி சீனத் தாய்க்கும் குதிரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நம் சங்கப் பாடல்களிலும் மா என்றால் குதிரை. கட்டுரையாளர் இதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அந்தக் குதிரைமேலும் ஏறியிருப்பார். ஏறினால் விழ வேண்டியதுதான். பழஞ்சீனத்தில் குதிரைக்கான சொல்லில் மகரத்தை அடுத்து ஒரு ரகரமும் இருந்தது என்று அம்மொழி ஆய்வாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். இடையில் அது உதிர்ந்துபோனதால்தான் இன்றைக்கு நம் மா மாதிரிக் கேட்கிறது. அதாவது காலத்தால் பின்னே போகப் போக இரண்டும் விலகுகின்றன. உண்மையான உறவு என்றால் பின்னே போகப் போக நெருங்க வேண்டும்.

தாயைக் குறிக்கும் மா தனிக் கதை. ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960-ல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்கும்போது மூக்கு வழியாக வரக்கூடியது 'ம்' மட்டுமே. பிறகு பசிக்கும்போதும் அதே ஒலி வருகிறது. அதைக் கேட்டுத் தாய் ஓடி வருவதால் அது தாயின் பெயராகிறது. எங்கள் வீட்டில் பேத்தி பத்து மாதத்தில் முதன்முதலாக 'ம்மா' என்றது பால் புட்டியைப் பார்த்துத்தான். மருமகள் தன்னைத்தான் கூப்பிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்; நான் வாய் திறக்கவில்லை. எந்த ஊர்க் குழந்தைக்கும் உதடு இரண்டுதானே. இதிலும் ஜார்ஜிய மொழி ஏமாற்றுகிறது. அங்கே 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்குப் பெயர் 'தேதா'.

உறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் சில உண்டு. 'மா இல்லு' என்றால் எங்கள் வீடு. 'மன இல்லு' என்றால் உங்களையும் சேர்த்து நம் வீடு. நம்முடைய எம், நம் என்ற பிரிவு அப்படியே அங்கே இருக்கிறது. இந்தத் தெலுங்கு மாவும் நம் 'எம்'மும் ஒரே வேரிலிருந்து வந்தவை, கேட்டால் ஒட்டுறவே இல்லாததுபோல் இருந்தாலும். மாமரத்துக்குக் கன்னடத்தில் மாவு, மலையாளத்திலும் மாவு, தெலுங்கில் மாமிடி. இது கூடப்பிறந்தவர்களின் உறவு.

கடன் கொடுத்த கதையும் ஒன்று இருக்கிறது. அதைத்தான் கட்டுரையாளர் எழுதியிருக்க வேண்டும். நம் மாங்காய், மலையாளத்தில் மாங்ங. 16-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் அதை 'மங்கா' என்று கொண்டுபோக, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு 'மேங்கோ'வாகப் போனது. அதற்குள் இருக்கும் ங்-கூட நம் இலக்கணம் போட்டதுதான். மரமாகிய மாவோடு வல்லெழுத்து சேர்ந்தால் இடையில் மெல்லெழுத்து வந்து மாங்கோடு, விலங்காகிய மாவோடு சேர்ந்தால் னகரம் வந்து மான்கோடு என்று தொல்காப்பியர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார். முன்னது கிளை, பின்னது கொம்பு. இலண்டன் கடையில் பழம் வாங்குகிறவர் அந்தப் புணர்ச்சியையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

இன்னொரு மனக்குறை. ஊர் ஊராகப் போய் மாவைத் தேடியவர் நம் ஊர் மாவை நான்கு வரியில் முடித்துவிட்டார். நன்னூல் எண்ணிவைத்த 42 ஓரெழுத்துச் சொற்களில் இதுவும் ஒன்று. மரம், விலங்கு, கருமை, பெருமை, திருமகள், அரைத்த பொடி, நில அளவு, பின்னம் என்று ஒரே எழுத்து இத்தனையைச் சுமக்கிறது. இதில் பொடியாகிய மா செத்துப்போன பழைய சொல் என்று அவர் எழுதியிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் மில்லுக்கு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "தம்பி, குரக்கன் மா அரைக்க வேண்டும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. தூக்குப் பையைத் திறந்து காட்டினார். கேழ்வரகு. அப்போதுதான் மிளகாய் அரைத்து முடித்திருந்த கல். ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி, காரம் போனபிறகு அரைத்துக் கொடுத்தேன். சூடு ஆறுவதற்காக உட்கார்ந்திருந்தவர் வறுத்த மா, அவித்த மா, எதில் புட்டு உதிரும், எதில் இடியப்பம் பிழிய வரும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு தடவைகூட 'மாவு' என்று சொல்லவில்லை. போகும்போது பலகையை அண்ணாந்து பார்த்து, "எங்கள் ஆள் யாரோ எழுதியிருக்கிறார்" என்றார். வெயில் எழுதியது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் பலகையைத் திருத்தும் எண்ணத்தையே விட்டேன்.

நில அளவும் அப்படித்தான். என் அப்பாவின் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே இன்றைக்கும் பெரியவர்கள் 'எத்தனை மா?' என்றுதான் கேட்பார்கள். 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர். கணக்கிலும் மா என்றால் 20-ல் ஒன்று. காளமேகம் பின்னங்களை இறங்குவரிசையில் கோத்து ஒரு வெண்பா பாடியிருக்கிறார். அதில் 'இருமாமுன்' என்பது இருமுவதற்கு முன். இருமா 10-ல் ஒன்று. 'மாகாணிக்கு ஏகாமுன்' என்பது சுடுகாட்டுக்குப் போவதற்கு முன். மாகாணியும் ஒரு பின்னம். 'கச்சி ஒருமாவின் கீழரை' என்பது காஞ்சிபுரத்து ஒற்றை மாமரத்தடியில் இருக்கும் ஏகாம்பரநாதரை. மரமும் கணக்கும் ஒரே எழுத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இதை விட்டுவிட்டுப் பீஜிங்குக்கு ஏன் போனாரோ!

இந்த மாகாணி விஷயத்தில் ஒரு திருத்தமும் வேண்டும். கட்டுரையின் கடைசிப் பத்தியில் மாகாணி 8-ல் ஒன்று என்று அச்சாகியிருக்கிறது. 8-ல் ஒன்று அரைக்கால். மா 20-ல் ஒன்று, காணி 80-ல் ஒன்று, இரண்டையும் கூட்டினால் 80-ல் ஐந்து, அதாவது 16-ல் ஒன்று. அடுத்த இதழில் போட்டுவிடுங்கள். எண்சுவடி மனப்பாடம் செய்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாவு மில்காரர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி