ஜூலையில வராத, மச்சான்

வெள்ளவத்தை
ஜனவரி கடைசி

மச்சான்,

இங்க எல்லாரும் சுகம். அம்மாவுக்கு வழமையான முழங்கால்தான். உன்ர பெரியக்காவைக் காலி வீதியில கண்டனான். நீ ஜூலையில குடும்பத்தோட வாறியாம், எல்லாரையும் ஹோட்டன் சமவெளிப் பூங்காவில இருக்கிற உலக முடிவுக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறியாம். டிக்கெட் இன்னும் போடேல்லயெண்டால் போடாத.

ஜூலையில அங்க தென்மேல் பருவக்காற்று, மழை, புகார் மூட்டம். 870 மீற்றர் பள்ளம் பார்க்கப் போய் வெள்ளைச் சீலை கட்டின மாதிரிப் புகாரைப் பார்த்திட்டு வருவாய். இந்த நல்ல மாதத்திலயே பத்து மணிக்கு முன்னம் போய்ச் சேரோணும், பிறகு புகார் மூடிடும்.

போன கிழமை நானும் எங்கட கூட்டாளி மொட்டையும் போனனாங்கள், வேணுமெண்டே வார நாளில. அதே தொப்பிதான், கேக்காத. வாசலில பொலித்தீன் சோதிச்சு அவன்ர பிஸ்கட்டை எல்லாம் உரிச்சுக் கடதாசியில சுத்திக் குடுத்தாங்கள். மலை இறங்குமட்டும் அதையே புலம்பினான்.

புல்லெல்லாம் துகள் பனி. வந்த சனம் முழுக்க உலக முடிவுப் பக்கம் திரும்ப, நாங்கள் கிரிகல்பொத்த மலைக்குப் போற பாதையில இறங்கினம். போக மட்டும் ஏழு கிலோமீற்றர். முதல்ல புல்லும் சேறும், தூரத்தில ரெண்டு மரை. பிறகு குட்டை மரக்காடு, பாசி பிடிச்ச கொப்புகளுக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சுதான் போகோணும். உச்சிமட்டும் ஒரு மனுசரையும் காணேல்ல. நாட்டிலயே பிதுருதலாகலை மலைதான் ஆக உயரம், ஆனா அதில கோபுரமும் ஆமியும். நாங்கள் நடந்து ஏறக்கூடியதில ஆக உயர்ந்தது இதுதான், கிட்டத்தட்ட 2,390 மீற்றர். மொட்டை அரை மணித்தியாலம் வாயே திறக்கேல்ல, நம்புவியோ?

ஒண்டு மட்டும் மனசில கிடந்து உறுத்துது. காட்டுக்குள்ள இடைக்கிடை மரங்கள் நிண்டபடியே செத்துப்போயிருக்கு. வறட்சி, காத்து மாசு, மண் எண்டு கனகாலமா ஆராயினம், இதுதான் காரணமெண்டு முடிவா ஒருவரும் சொல்லேல்ல. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் தண்ணி சுரக்கிறது அந்த மேட்டில. களனித் தண்ணியைத்தான் அம்பத்தலேயில சுத்திகரிச்சு எங்கட குழாய்க்கு விடுறாங்கள். புகாரைப் பிடிச்சு நிலத்துக்குள்ள இறக்கிறது அந்த மரங்கள்தான். குழாயைத் திறக்கேக்க இப்ப அந்த மொட்டை மரங்கள்தான் ஞாபகம் வருது. உங்கட மொட்டையில்ல, சிரிக்காத.

ஜூலை சரிவராததால, பிள்ளையளுக்கு மார்ச்சில ஒரு கிழமை லீவு வருமெல்லே? அதில வா. அப்பவும் அங்க காய்ஞ்ச காலம்தான். சின்னதுகளுக்கு ஏழு கிலோமீற்றர் ஏலாது, தொட்டுபொல மலை காணும், கொஞ்ச நேரத்தில ஏறி இறங்கலாம். கோச்சியில பட்டிப்பொலவில இறங்கினால் நாட்டிலயே ஆக உயரமான ஸ்டேஷனையும் பார்த்த மாதிரி. மாமி சாப்பாடு கட்டித்தருவா, வாழையிலையில எண்டு இப்பவே சொல்லிவைச்சிட்டன்.

வரேக்க மொட்டைக்கு ஒரு சோடி மலைச் சப்பாத்து, அளவு 9. காசு தருவானாம். நீ அதை நம்பினால் உன்ர பாடு.

அன்புடன்,
ராசன்