நாற்காலி தந்தவர்களுக்கும் நாற்காலியைக் காட்டித் தந்தவருக்கும்

பாலக்காட்டு எல்லையோரம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் சுற்றுவட்டாரச் சொந்தங்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 26 அன்று வாயனசாலை (நம் ஊர் நூலகம்) திண்ணையில், டி.வி.யில் உடற்பயிற்சி சொல்லித் தந்த அமெரிக்கர் ஜாக் லலேன் பிறந்தநாள் என்று சொல்லிப் பெரியவர்களைக் கூட்டி உடற்பயிற்சி செய்ய வைத்தோம் அல்லவா, அதற்குக் கை கொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல். நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். டீ வருவதற்குள் பாதிப் பேர் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டீர்கள்.

முதல் நன்றி என் பேத்திக்கு. கண்டக்டராக நின்றே காலம் போனதில் எனக்கு முட்டி இரண்டும் தேய்ந்து, உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும் என்ற நிலை. போனில் அந்த மனுசனின் பழைய கறுப்பு வெள்ளை நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டி, "தாத்தா, இவர் செய்யறதைச் செய்யுங்க" என்றவள் அவள்தான். அன்றிலிருந்து அவர் எனக்கு நாயகன்.

யார் அவர் என்று இன்னும் கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம். 1914-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதில் இனிப்பு இல்லாமல் இருக்க முடியாது. அதனாலேயே உடம்பு கெட்டு, கோபமும் தலைவலியுமாகக் கிடந்திருக்கிறார். 15 வயதில் பால் பிராக் என்பவர் உணவைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, அதோடு மாறினவர்தான். 1936-இல் ஓக்லாந்தில் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். எடை தூக்கினால் உடம்பு இறுகிப்போகும், மாரடைப்பு வரும் என்று டாக்டர்களே பயமுறுத்திய காலம் அது. இவரோ பெண்களையும் வயசானவர்களையும்கூட எடை தூக்கச் சொன்னார்.

நம்ம ஆட்கள் வாய் பிளந்தது அவருடைய சாகசங்களுக்குத்தான். 23 நிமிடத்தில் 1,033 தண்டால். 70 வயதில், 1984-இல், கையும் காலும் கட்டியபடி, 70 பேர் உட்கார்ந்த 70 படகுகளை நீந்தியே இழுத்தது. சரி, அதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் அதை எத்தனை பேர் செய்ய முடியும்? நான் அவரைக் கும்பிடுவது வேறொன்றுக்காக. 1951-இல் தொடங்கி முப்பது வருசத்துக்கும் மேல் டி.வி.யில் வந்து, வீட்டில் இருக்கும் பெண்களிடம் ஒரு நாற்காலி போதும் என்று செய்து காட்டினாரே, அதற்காக. நிகழ்ச்சியில் ஒரு வெள்ளை நாயும் உண்டு. நாயைப் பார்க்கக் குழந்தைகள் வந்து உட்காரும். போய் அம்மாவைக் கூட்டி வாங்க என்று அனுப்பிவிடுவார். கெட்டிக்காரர்!

அப்புறம் நம் நாற்காலி கதை. வாயனசாலையின் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒத்திகையில் போட்டுப் பார்த்தோம். கனமான ஆள் சாய்ந்து எழுந்தால் பின்னங்கால் இரண்டும் சிமெண்ட் தரையில் விரிந்துகொண்டே போகிறது. அதைப் பார்த்த பந்தல் வாடகைக்கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாமல், கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த இரும்பு மடக்கு நாற்காலிகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார். வாடகை வாங்கவில்லை. எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னது ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி. ஆளாளுக்குப் பிரஷர் பார்த்து, இரண்டு பேரை "இன்னிக்கு நீங்க உட்கார்ந்து பார்த்தா போதும்" என்று பிடித்து உட்கார வைத்ததும் அவர்தான். அவர் இல்லாமல் இதைச் செய்ய எனக்குத் தைரியம் வந்திருக்காது.

தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் எழுதித் தந்த டீச்சருக்கு நன்றி. தொழிலுறப்பு வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்கு, போகும் முன்பு வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்வரிசை பிடித்த அக்காமார்களுக்கும் நன்றி. எம்.ஜி.ஆர். குடும்பத்து ஊரான வடவன்னூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனுக்கு விழாவா என்று சண்டை போட்ட அண்ணனுக்குக் கூடுதல் நன்றி. மைக் செட்டுக்குப் பணம் தந்ததும் அவரே.

தென்னை ஏறிக் கள்ளு இறக்கியே வயசான பெரியவர் ஒருவர் கடைசி வரிசையில் இருந்தார். கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னேன். இரண்டு தடவை பாதியில் உட்கார்ந்தார். பாதத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, நெஞ்சை முன்னால் சாய்த்து வாங்க என்றதும், மூன்றாவது தடவை எழுந்து நின்று, "ஏனுங்க, இது மரம் ஏறுற கணக்குத்தான்" என்றார். எனக்குப் பாடம் எடுத்தது போல ஆகிவிட்டது.

2011 ஜனவரியில், 96 வயதில் லலேன் காலமானார். கடைசிவரை பயிற்சியை விடாதவர். அதனால்தான் நாமும் ஒரு நாளோடு நிறுத்த வேண்டாம் என்று பேசி முடித்திருக்கிறோம். சனிக்கிழமை காலை ஆறரை மணி, அதே திண்ணை. வெறும் வயிற்றில் வர வேண்டாம்; சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் முக்கியமாக.

இன்னொன்று. வாடகைக்கடைக்காரருக்கு இரண்டு மடக்கு நாற்காலி குறைகிறது. ஞாபகமாக எடுத்துப்போனவர்கள் சனிக்கிழமை வரும்போது கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.