தங்கத்தின் விலையும் தாய்மாரின் வேதனையும்

ஆசிரியருக்கு வணக்கம். தங்க விலை ஏற்றம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். விலை சரி, தங்கத்தை மண்ணிலிருந்து பிரிக்கும் பெண்களைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கலாம். இந்தோனேசியாவிலும் பிலிப்பீன்சிலும் பல சிறு சுரங்கங்களில் பாதரசம் கலந்து தங்கத்தைப் பிரிக்கிறார்கள். அந்தக் கலவையைச் சூடாக்கும்போது எழும் ஆவி அங்கு வேலை செய்யும் பெண்களின் நுரையீரலுக்குள் போகிறது. ஆற்றில் கலக்கும் பாதரசம் மீன் வழியாக வயிற்றுப் பிள்ளையையும் எட்டுகிறது. நான் கருவுற்றிருந்தபோது சுறா மீன் வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். எனக்கு வேறு மீன் கிடைத்தது. ஆற்றங்கரைத் தாய்க்கு அந்த வசதி ஏது?

படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் தவிப்பதாக வேதாகமத்தின் ரோமர் 8ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். எங்கள் சபையில் அதை மறுமை நம்பிக்கையாக மட்டுமே கேட்டு வளர்ந்தேன். பூமியின் வலியைச் சொல்ல அவர் எடுத்தது ஒரு பெண்ணின் உடல் வலியை. அப்படியிருக்க, சுரங்கப் பெண்களின் வலியும் பிரசங்க மேடைக்கு உரியதுதான். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை பல திருச்சபைகள் இயற்கைக்காக ஜெபித்துக் கடைப்பிடிக்கும் ‘படைப்பின் காலத்தில்’ ஒரு ஞாயிறையாவது சிங்கப்பூர்த் தமிழ்ச் சபைகள் இதற்கு ஒதுக்கலாம். அப்புறம், சிராங்கூன் சாலையில் நகை வாங்கும்போது தங்கம் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்கலாம்.

– வாசகி, ஈசூன்