பேட்டரியை டிக்கிக்கு மாற்றச் சொல்லி வருகிறவர்களுக்கு

வணக்கமுங்க.

கொஞ்ச நாளாக வாரத்துக்கு ஒருவராவது கார் வேலை பார்க்கும் எங்கள் கடைக்கு வந்து "பானட்டுக்குள்ள இருக்குற பேட்டரியைத் தூக்கி டிக்கியில வெச்சுக் குடுங்க" என்கிறார். சிலருக்குச் செய்து கொடுத்தோம், பல பேரைத் திருப்பி அனுப்பினோம், அதில் ரெண்டு பேர் கோபித்துக்கொண்டும் போனார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் நின்று பேசுவதற்குப் பதில் ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

டிக்கியில் பேட்டரி என்பது புதுசு ஒன்றும் இல்லை. பழைய மினி காருக்கு 1959லேயே அங்கேதான் இருந்தது. மாஸ்டா எம்எக்ஸ்-5இன் முதல் ரெண்டு தலைமுறை வண்டிகளுக்கும், பிஎம்டபிள்யூவில் பல மாடல்களுக்கும் அங்கேதான். கம்பெனிக்காரனே செய்கிறானே, நீங்கள் ஏன் யோசிக்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிஎம்டபிள்யூவில் பெரிய மோதல் என்றால், ஏர்பேக் விரிகிற சமயத்திலேயே பேட்டரி டெர்மினலில் இருக்கும் ஒரு சின்ன வெடிமருந்து வெடித்து, ஸ்டார்ட்டருக்கு, அதாவது செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கேபிளைத் துண்டித்துவிடும். அவன் பேட்டரியை மட்டும் பின்னால் தள்ளவில்லை, அந்த நீளமான கேபிளால் என்ன ஆகும் என்பதையும் யோசித்திருக்கிறான். நம்மிடம் வருகிறவர்கள் பேட்டரியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

வேறு எங்கேயோ மாற்றிவிட்டு எங்களிடம் வந்த ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். "பின்னாடி சீட்டுல ரப்பர் கருகுன வாசம் வருது" என்றுதான் கொண்டுவந்தார்கள். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தால், டிரைவர் சீட்டின் தண்டவாளத்துக்கு அடியில் கேபிள் நசுங்கிக் கிடக்கிறது. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி மேல் ரப்பர் தேய்ந்து, செம்பு இழை ரெண்டு பளபளவென்று வெளியே தெரிகிறது, சுற்றிலும் உள்ளங்கை அளவுக்குக் கார்ப்பெட் உருகிப் பிசின் மாதிரி ஒட்டியிருக்கிறது. டிக்கியில் போய்ப் பார்த்தால் ஃப்யூஸே இல்லை. பேட்டரியிலிருந்து நேராக ஸ்டார்ட்டர் வரைக்கும் அஞ்சு மீட்டர் கேபிள், நடுவில் தடுக்க ஒன்றுமே கிடையாது. அது பாடியில் முழுசாக உரசியிருந்தால் ஆயிரம் ஆம்பியர் பக்கம் ஓடியிருக்கும், அதுவும் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில்.

அதனால் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் போடாமல் நாங்கள் வண்டியை வெளியே விடமாட்டோம். சின்ன பெட்ரோல் வண்டிக்கு 250 ஆம்பியர் மெகா ஃப்யூஸ், அதாவது போல்ட் போட்டு முடுக்குகிற பெரிய ஃப்யூஸ் போடுகிறோம். முன்னால் பானட்டுக்குள் போட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டார். ஃப்யூஸ் காப்பாற்றுவது அதற்கு அப்புறம் போகிற கேபிளைத்தான், முன்னால் போட்டால் நடுவில் இருக்கும் அஞ்சு மீட்டரும் அநாதைதான்.

அடுத்தது கேபிள் தடிமன், பேரம் பேசுகிற இடம் இதுதான். செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் அஞ்சு மீட்டர் போட்டால் வழியிலேயே 1.2 வோல்ட் காணாமல் போய்விடும். 35 போட்டால் அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், 50 போட்டால் 0.4 வோல்ட். அடிக்கிற நேரத்தில் பேட்டரியே பத்தரை வோல்ட்டுக்கு இறங்கி நிற்கும், அதில் 1.2 போனால் மார்கழிக் காலையில் வண்டி முனகும். பெட்ரோலுக்கு 35, டீசலுக்கு 50, இதற்குக் குறைத்துச் செய்ய மாட்டோம். ஆன்லைனில் மலிவாக வாங்கிக்கொண்டு வரும் ஆடியோ கேபிளைத் தயவுசெய்து கொண்டு வராதீர்கள். ஒரு இழையை எடுத்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசின அலுமினியம். பார்க்கத் தடியாகத்தான் இருக்கும், வேலைக்கு ஆகாது.

எர்த், அதாவது நெகட்டிவ் பக்கத்து இணைப்பு விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேட்டரி முன்னால் இருந்தபோது நெகட்டிவ் நேராக இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போயிருக்கும். இப்போது டிக்கியில் பாடியில் பிடித்துவிட்டால், அந்த 200 ஆம்பியரும் பாடி வழியாக வந்து, இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ஒல்லியான எர்த் பட்டை வழியாகத்தான் இன்ஜினுக்குப் போக வேண்டும். அது சூடாகும், செல்ஃப் இழுக்காது, உடனே பேட்டரியைக் குறை சொல்லி புது பேட்டரி வாங்கிப் போடுவார்கள். நாங்கள் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் போல்ட் அடித்து, இன்ஜின் பட்டையையும் கேபிளின் அதே தடிமனுக்கு மாற்றுகிறோம். முடித்ததும் உங்கள் முன்னாலேயே மீட்டரை இன்ஜினிலும் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து செல்ஃப் அடித்துக் காட்டுவோம், 0.3 வோல்ட்டைத் தாண்டினால் காசு கொடுக்க வேண்டாம்.

இனி, முடியாது என்று சொல்லும் வண்டிகள். சிஎன்ஜி சிலிண்டரோ எல்பிஜி டேங்கோ டிக்கியில் இருந்தால் பேச்சே வேண்டாம். ஹேட்ச்பேக்குக்குச் சாதாரண ஆசிட் பேட்டரியோடு செய்ய மாட்டோம். அதில் டிக்கியும் உட்காருகிற இடமும் ஒன்றுதான், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். 'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்று எழுதியிருப்பதால் அந்த வாயு வராது என்று அர்த்தமில்லை. ஆசிட் சிந்தாமல் கண்ணாடி இழைப் பாய்க்குள் ஊறியிருக்கும் ஏஜிஎம் பேட்டரி போட்டு, வாயு போகிற வென்ட் குழாயைத் தரை வழியாக வெளியே விட்டால் மட்டும் யோசிக்கலாம். சிக்னலில் தானாக இன்ஜின் நிற்கிற புது வண்டிகளுக்கும் நாங்கள் கை வைப்பதில்லை, நெகட்டிவ் டெர்மினலிலேயே பேட்டரி சார்ஜை அளக்கிற சென்சார் உட்கார்ந்திருக்கும்.

சரி, யாருக்குத்தான் இது வேண்டும்? செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர்களுக்கு, டர்போ போட்டு பானட்டுக்குள் இடமே இல்லாதவர்களுக்கு. 12 கிலோ பேட்டரி பின் அச்சைத் தாண்டிப் போய் உட்கார்ந்தால் முன் சக்கரத்திலிருந்து 15 கிலோ வரை குறையும், அந்த வண்டிகளுக்கு அது பெரிய விஷயம். கேபிளே ரெண்டு கிலோ என்பதையும் மறக்காதீர்கள். டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால், எடை சமமாக இருக்கப் பேட்டரியை இடப்பக்கம் வைக்கிறோம். உலக கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதியில் சொன்ன மாதிரி 10 மில்லிமீட்டர் போல்ட், தரைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் தகடு. துணிப் பட்டை போட்டுக் கட்டுவது எல்லாம் தண்ணி கேனுக்குச் சரி. மற்றபடி ஆபீஸுக்கும் பொள்ளாச்சிக்கும் ஓட்டுகிற வண்டியில் உங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இன்ஜின் சூடு படாமல் பேட்டரி கொஞ்ச நாள் கூட உழைக்கும், உண்மைதான், ஆனால் அதற்கு ஆகும் செலவில் ரெண்டு பேட்டரி வாங்கிவிடலாம். டிக்கியில் பாட்டுக்கான ஆம்ப்ளிஃபயர் வைப்பதற்காகக் கேட்கிறவர்களுக்கு ஃப்யூஸோடு ஒரு தனி கேபிள் இழுத்தாலே போதும்.

செய்வதென்று முடிவெடுத்தால் முதலில் வாரண்டி, இன்சூரன்ஸ் ரெண்டையும் விசாரித்துவிட்டு வாருங்கள். ரெண்டு நாள் வண்டி எங்களிடம் நிற்கும், சீட், கார்ப்பெட் எல்லாம் கழற்றுவோம். டிக்கியைப் பட்டனில் மட்டும் திறக்கிற வண்டியாக இருந்தால், சார்ஜ் இறங்கிய அன்று பேட்டரி உள்ளே, நீங்கள் வெளியே. அதனால் பானட்டுக்குள், வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுக்க ஒரு பாசிட்டிவ் முனை மூடியோடு வைத்துக் கொடுக்கிறோம், அதற்குத் தனிக் காசு இல்லை. அப்புறம், டிக்கியைக் காலி செய்துவிட்டுக் கொண்டு வாருங்கள். போன தடவை ஒரு வண்டியில் அரை மூட்டைத் தேங்காய் இருந்தது, எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் அவர் எண்ணவில்லை.